சால்வை போர்த்தி முடிந்த பிறகு

எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சருக்கு 2024 மே மாதக் கடைசியில் பணி நிறைவுப் பாராட்டு விழா நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பந்தல், ஒலிபெருக்கி, மேடை நிறைய ஆட்கள். வட்டாரக் கல்வி அலுவலர், வார்டு உறுப்பினர்கள், ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள், வெளியூரிலிருந்து வந்த பழைய மாணவர்கள் என்று வரிசையாகப் பேசினார்கள். எல்லோரும் மனசாரத்தான் பேசினார்கள், அதில் சந்தேகமே இல்லை. அர்ப்பணிப்பு, தியாகம், தன்னலமற்ற தொண்டு. ஒருவர் பேச்சை முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். சால்வைகள் குவிந்தன. அன்று ராத்திரி திருச்சிக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஒரு விஷயம் மனதைக் குடையத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. அத்தனை பேர் பேசியும், டீச்சர் இந்த முப்பத்துச் சொச்சம் வருடங்களில் ஊருக்கு என்ன செய்தார், அதை எப்படிச் செய்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஒரு கொத்தனார் வேலையை விட்டு ஓய்ந்தால் அவர் கட்டிய சுவரைக் காட்டிப் பேசுவோம். ஊருக்கு உழைத்த ஆசிரியருக்கு மட்டும் அவர் மனசைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறோம். நல்ல மனசு இருந்தது, அதனால் செய்தார், அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது. மனசைப் புகழ்வதில் யாருக்கும் செலவில்லை. அவர் செய்தது ஒரு வேலை, அதற்கு ஒரு நுட்பம் உண்டு, அந்த நுட்பத்தை யாராவது கற்றுக்கொண்டு தொடர வேண்டும் என்று பேச ஆரம்பித்தால்தான், பெரியவர்கள் எழுத்தை மறக்காமல் இருக்க அவர் சனிக்கிழமைதோறும் நடத்தியதற்கு அடுத்த சனிக்கிழமை யார் வருவது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அன்று மேடையில் யாரும் எழுப்பவில்லை. எனவே டீச்சர் செய்ததை எனக்குத் தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறிய பேரூராட்சி. தென்னை, பலா, மல்லிகை, கனகாம்பரம். டீச்சர் இங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார். பேர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் டீச்சர் என்றே எழுதுகிறேன். ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு ஆளும் கிடையாது.

பூ எடைக்குப் போன பிறகு

1991-இல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியதைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், கலைப்பயணம், வீதி நாடகம், பெண்கள் சைக்கிள் ஓட்டியது எல்லாம் வீட்டுக்கு வீடு கதையாக இருக்கிறது. அப்போது நான் கைக்குழந்தையைக் கொஞ்சம் தாண்டியவள். அம்மா சொல்லியும் டீச்சர் சொல்லியும் கேட்டதுதான் எனக்குத் தெரியும்.

டீச்சருக்கு அப்போது இருபத்தேழு வயதுக்குள். பக்கத்து ஊராட்சியில் ஒரு குடியிருப்பில் வகுப்பு நடத்தப் பேர் கொடுத்தார். ராத்திரி எட்டு மணிக்குத் தெருவிளக்கின் கீழே வகுப்பு. பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கால் மணி நேரத்தில் கண் சொருகிவிட்டது. சில நாளில் வருவதே நின்றுபோனது. "ஆர்வம் இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம். டீச்சர் விடிவதற்கு முன்பே அந்தக் குடியிருப்புக்குப் போய் அவர்கள் பின்னாலேயே பூக்கொல்லைக்கு நடந்தார். மூன்றரை மணிக்கே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டு பறிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் எடைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்புறம் களையெடுப்பு, மாடு, தண்ணீர். இந்த ஆட்களை ராத்திரி எட்டு மணிக்கு உட்கார வைத்தால் எப்படிக் கண் திறந்திருக்கும்? ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்ததில், சாயங்காலம் நாலரைக்கு மேல் உலை வைக்கும் வரைக்கும் ஒரு மணி நேரம் அவர்கள் கை ஓய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பள்ளி விட்டதும் நேராக அங்கே போனார். வகுப்பு நடந்தது.

இடம் இன்னொரு சிக்கல். முதலில் பிள்ளையார் கோயில் மண்டபம் என்று முடிவாகியிருந்தது. காலனிப் பெண்கள் ஒருவரும் அங்கே வரவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் தெரியும். காலனிக்குள் வைத்தால் மற்றத் தெருக்காரர்கள் வர மாட்டார்கள். தனித்தனியாக இரண்டு வகுப்பு வைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. டீச்சர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளியின் சத்துணவுக் கூடத்தைக் கேட்டு வாங்கினார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் அம்மாக்கள் உட்கார மாட்டேன் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம். சிலர் அப்படியும் வராமல் இருந்தார்கள். வந்தவர்களை வைத்து நடத்தினார். இதைப் பற்றி அவருக்கு எதிராகப் பேச்சும் எழுந்தது. அதை இங்கே விரிவாக எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன், பேசியவர்களின் பிள்ளைகள் நல்லவர்களாக வளர்ந்து அதே ஊரில் இருக்கிறார்கள்.

அறிவொளிப் பாடப் புத்தகங்கள் மூன்று பகுதியாக இருந்தன. அ, ஆ என்று தொடங்காமல் புழங்குகிற சொற்களிலிருந்து எழுத்துக்குப் போகும் முறை. எல்லாம் சேர்த்து 200 மணி நேரத்தில் முடிய வேண்டும் என்பது கணக்கு. அந்த முறை நல்ல முறைதான். ஆனால் புத்தகத்தில் இல்லாத சில காரியங்களை டீச்சர் அங்கே கண்டுபிடித்தார். கற்பவர்களின் சொந்தப் பிள்ளைகளை வகுப்பு நேரத்தில் பக்கத்தில் விட மாட்டார். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகன் எட்டிப் பார்த்து "அய்யே, அது தப்பும்மா" என்று சொன்னால் அந்த அம்மா மறுநாள் வர மாட்டாள். கரும்பலகைக்கு யாரையும் எழுந்து வரச் சொல்ல மாட்டார். தானும் தரையில் உட்கார்ந்து, பலகையை நடுவில் படுக்க வைத்து, சுற்றி எல்லோரும் குனிந்து எழுதுவார்கள். யார் தப்பாக எழுதினார்கள் என்று தனியாகத் தெரியாது.

சைக்கிள் விஷயத்தில் அவருக்குக் கிடைத்தது இன்னும் பெரிது. பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான் சைக்கிள் கற்றுக்கொடுப்பது அறிவொளியோடு சேர்ந்தது. வங்கிகளில் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடு செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காமல், பெண்கள் பார் வைத்த சைக்கிளிலேயே பழகினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு, என் அம்மா அதில் ஒருவர். டீச்சருக்கும் அதுவரை சைக்கிள் தெரியாது. தன்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த பெண்களோடு சேர்ந்து அதே மைதானத்தில் விழுந்து எழுந்து அவரும் கற்றுக்கொண்டார். கற்பவர்களில் இரண்டு பேர் அவருக்கு முன்பே பழகிவிட்டார்கள், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர்கள் அவர்கள்தான். அதற்குப் பிறகு வகுப்பில் தப்பு செய்ய யாரும் பயப்படவில்லை என்று டீச்சர் சொல்வார்.

கண்மாய்க் கரையில்

இவ்வளவும் சொன்னால் வெற்றிக் கதையாகத்தான் தெரியும். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 51 சதவீதம். 2011-இல் அது 73 சதவீதம். அந்த ஏற்றத்தில் அறிவொளிக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் "எழுதப் படிக்கத் தெரியுமா" என்று கேட்டு, சொன்ன பதிலைக் குறித்துக்கொண்டு போவார். அந்தப் பதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை டீச்சர் 2008-இல் பார்த்தார். அன்று நானும் கூட இருந்தேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், கோடை விடுமுறை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக டீச்சர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார், நோட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். வீடுகளில் ஆள் இல்லை. நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்த புதிது, எல்லோரும் கண்மாயில் மண் வெட்டுகிறார்கள் என்றார்கள். அங்கே போனோம். அன்று கூலி கொடுக்கும் நாள். நாளைக்கு 80 ரூபாய், பணத்தைக் கையில்தான் கொடுப்பார்கள். கரையில் ஒரு மேசை, பதிவேடு, ஊதா மைப் பெட்டி. வெயிலில் நீளமாக வரிசை நின்றது.

அந்த வரிசையில் ஒரு அத்தை நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றி டீச்சர் எங்களுக்கு வகுப்பிலேயே கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். அறிவொளி வகுப்பில் எழுதக் கற்று, தங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று தன் கையாலேயே கலெக்டருக்கு மனு எழுதியவர். குழாயும் வந்தது. அந்த அத்தை மேசைக்கு வந்தார், இடது கையை நீட்டினார், மேசையில் இருந்தவர் பெருவிரலை மையில் அழுத்திப் பதிவேட்டில் வைத்தார். பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பும்போது டீச்சரைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, நீங்க கையெழுத்துப் போடுற ஆளாச்சே?" என்று டீச்சர் கேட்டார். குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை.

"போடுவேன் டீச்சரு. ஒவ்வொரு எழுத்தா இழுத்து முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நிக்கிறதுக கத்துதுக. அந்தத் தம்பியும், ஆத்தா சட்டுனு வச்சிட்டுப் போங்கிறான். அதான் வச்சிட்டேன்."

"வீட்டுல ஏதாச்சும் படிக்கிறதுண்டா?"

"எதைப் படிக்கிறது? படிக்க என்ன இருக்கு வீட்டுல?"

புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் அத்தை தன் பெயரை எழுதிப் பார்த்தார். முதல் மூன்று எழுத்து வந்தது. நாலாவது எழுத்தின் கொம்பு எந்தப் பக்கம் என்பதில் நின்றுவிட்டது. "கை மறந்துபோச்சு டீச்சரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. வருத்தப்பட்டது டீச்சர். திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவே இல்லை. ஊர் எல்லை தாண்டும்போது, "இத்தனை வருசத்துல அவங்க கையில ஒரு தாளைக் கொடுத்து இதைப் படிங்கன்னு யாருமே சொல்லலைல்ல" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் பல வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படித்தது மறந்துபோகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், பயிற்சி இல்லாமல் எதுவும் நிற்காது. அன்று கரையில் நான் பார்த்தது அதைவிட மோசமானது. கையெழுத்துப் போடத் தெரிந்த பெண்ணையும் ரேகை வைக்கச் சொல்வதுதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வசதி. ரேகை ஒரு நொடி, கையெழுத்து அரை நிமிடம். நூறு பேருக்கு அரை நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு நெருங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. 200 மணி நேரம் சொல்லிக்கொடுத்து வந்த எழுத்தை, வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மை அழித்துவிடுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, அதனால்தான் இதைத் தடுப்பது அவ்வளவு கடினம். இன்றைக்கு ரேஷன் கடையிலும் 2020 அக்டோபரிலிருந்து கைரேகை இயந்திரம் வந்துவிட்டது. பூப்பறித்து, மண் வெட்டித் தேய்ந்த விரலை அந்த இயந்திரம் பல நேரம் அடையாளம் காண்பதுகூட இல்லை. ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

அடுத்த கூலி நாளில் டீச்சர் மறுபடி அந்தக் கரைக்குப் போனார். சண்டை போடப் போகவில்லை. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பணம் வருவதற்கு முன்பே வந்து, பதிவேட்டில் இருக்கிற மாதிரியே தங்கள் வரிசை எண்ணுக்கு நேரே ஒரு தனித்தாளில் எழுதிப் பழகட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று பொறுப்பாளரிடம் பேசினார். அவரும் சின்னப் பையன், சரி என்றார். சில வாரம் நடந்தது. அப்புறம் பள்ளி திறந்துவிட்டது, வேலை வேறு கண்மாய்க்கு மாறியது, நின்றுபோனது. அது நின்றுபோனதில்தான் சனிக்கிழமை பிறந்தது.

சனிக்கிழமை

பள்ளித் தாழ்வாரத்தில் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பெஞ்ச், ஒரு பாய். யார் வேண்டுமானாலும் வீட்டில் இருக்கும் எந்தத் தாளையும் எடுத்து வரலாம். பாடப் புத்தகம் கிடையாது. பாஸ்புக், பட்டா நகல், மாத்திரை அட்டை, கரண்ட் பில், குழுக் கடன் அட்டை, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், கல்யாணப் பத்திரிகை. ஊரில் இதைத் "தாள் பாக்குற இடம்" என்று சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் டீச்சர் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார் என்று தோன்றும். விழாவிலும் ஒருவர் அப்படித்தான் போகிற போக்கில் சொன்னார். டீச்சர் அங்கே எந்தப் படிவத்தையும் நிரப்பியதில்லை. பேனா தாளுக்குச் சொந்தக்காரர் கையில்தான் இருக்கும். ஒரு படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் சரி.

முதலில் அந்தத் தாளில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று தேடச் சொல்வார். எண்கள் எல்லோருக்கும் தெரியும். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவர்கள், பூவுக்கு எடை பார்த்துக் காசு வாங்குகிறவர்கள். அதனால் பாஸ்புக்தான் பெரும்பாலும் முதல் பாடம். தேதி, வரவு, பற்று, மிச்சம். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வார், ஊகித்த சொல்லை எழுத்தெழுத்தாக இனம் காட்டுவார். யாருடைய தாளையும் சத்தமாகப் படிக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து விரலை வரியின் கீழே நகர்த்தி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசுவார். தாள்களில் கடன் இருக்கும், நோய் இருக்கும், வீட்டுக்காரருக்குத் தெரியாத சேமிப்பு இருக்கும். ஊர் நம்பிக்கை வைத்தது அந்தத் தாழ்ந்த குரலில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

குழுக் கடன் அட்டையை ஒரு பெண் இப்படிப் படிக்கப் போய், கையில் வந்த தொகைக்கும் அட்டையில் எழுதியிருந்த தொகைக்கும் வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். காப்பீட்டுக்கும் வேறு எதற்கோ கட்டணத்துக்கும் முன்கூட்டியே பிடித்திருந்தார்கள். அட்டை அவரிடம் ஒரு வருடமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழுவே அட்டைகளை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தது.

பிறகு கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் எங்கள் பக்கத்துத் தென்னை, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் எல்லா நாளும் சனிக்கிழமை ஆனது. சாய்ந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து, மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுப்புப் பட்டியல் வந்தது. பட்டியலில் சர்வே எண், பெயர், மரங்களின் எண்ணிக்கை. பட்டாவை ஒரு கையிலும் பட்டியலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சரிபார்த்தார்கள். ஒரு பாட்டி தன் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு, "எனக்கு எழுபத்தொண்ணு, இவன் பதினேழுன்னு போட்டிருக்கான்" என்றார். எழுதியவர் அவசரத்தில் எண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டார். 78,100 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 18,700 ரூபாய். டீச்சர் அதைப் பார்க்கவில்லை, பாட்டிதான் பார்த்தார். மறுநாள் அவரே தாலுகா ஆபீசுக்குப் போய்த் திருத்தச் சொன்னார், திருத்தினார்கள். விழா மேடையில் இந்த ஒரு சம்பவத்தையாவது யாராவது சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டி அன்று மூன்றாவது வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது தாள்கள் குறைந்து எல்லாம் போனுக்குள் போய்விட்டன. சனிக்கிழமைக்கு வருகிறவர்கள் போனை நீட்டுகிறார்கள். மெசேஜில் வந்திருப்பது வங்கியிலிருந்தா, ஏமாற்றுக்காரனிடமிருந்தா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரும்பாலும் பாடம். ஓடிபி எண்ணை எனக்கும் காட்டாதீங்க என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிடுவார்.

ஆயிரம் ரூபாய்

கொரோனாவுக்குப் பள்ளிகள் மூடிக் கிடந்து, சின்ன வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு, அக்டோபர் 27-இல், மரக்காணம் பக்கத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள், தெருவிலேயே, ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் வாக்கில். எங்கள் ஊரிலும் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் பலர் சேர்ந்தார்கள். ஒன்றரை வருடமாகப் புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் டீச்சரிடம் வந்தார்கள். அவர் சொன்னது முப்பது வருடம் முன்பு சத்துணவுக் கூடத்தில் கண்டதையேதான். பிள்ளைக்குத் தெரிந்தது எது என்று முதலில் பாருங்கள், அண்ணன் தம்பியைப் பக்கத்தில் விட்டுத் திருத்தச் சொல்லாதீர்கள், எழுந்து நிற்க வைக்காதீர்கள்.

அந்தப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். காசு வாங்கினால் அது என்ன தொண்டு என்று சிலர். இவ்வளவு கொடுக்கிறார்களே என்று சிலர். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள், அதற்கு முன்னால் தயாரிப்பு. அது வேலை, வேலைக்குரிய கூலி கொடுக்க வேண்டும். அறிவொளிக் காலத்தில் இளைஞர்கள் ஒரு பைசா வாங்காமல் செய்தார்கள் என்று உதாரணம் காட்டுகிறார்கள். ஆமாம், செய்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடத்தில் பிழைப்பைத் தேடிப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? டீச்சரால் முப்பது வருடம் தொடர முடிந்ததற்கு மன உறுதி ஒரு காரணம். மாதா மாதம் வந்த அரசுச் சம்பளம் இன்னொரு காரணம். இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். சம்பளம் இல்லாத பெண்ணிடம் போய் என்னை மாதிரி இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பார்.

திட்டங்கள் வராமல் இல்லை. அறிவொளிக்குப் பிறகு வளர்கல்வி மையங்கள், 2009-இல் கற்கும் பாரதம், 2022-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. கற்கும் பாரதம் பெண் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த மாவட்டங்களுக்கு என்று வகுக்கப்பட்டது. 2022 திட்டம் தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லாமல் நடப்பது. ஒவ்வொன்றிலும் நல்லவர்கள் உழைத்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் பார்த்த வரை, புதிதாக எத்தனை பேர் கற்றார்கள் என்பதற்குத்தான் கணக்குக் கேட்டார்கள். கற்றவர் கையில் எழுத்து ஐந்து வருடம் கழித்தும் இருக்கிறதா என்று யாரும் திரும்பி வந்து பார்க்கவில்லை. கண்மாய்க் கரைக்கு யாராவது வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மனு

டீச்சர் ஓய்வு பெற்றதும் பள்ளித் தாழ்வாரத்தைச் சனிக்கிழமைக்குத் திறந்துவிடுவது யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. புதிய தலைமையாசிரியர் நல்லவர்தான். பள்ளி நேரம் தாண்டி வெளி ஆட்கள் வளாகத்துக்குள் வந்து ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது இல்லம் தேடிக் கல்வியில் இருந்த இரண்டு பெண்கள் டீச்சரோடு சேர்ந்து, ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடத்துகிறார்கள். திண்ணை என்றால் பழைய மண்டபச் சிக்கல் மறுபடி வரும். சிலர் அந்தத் தெருவுக்குள் வரத் தயங்குகிறார்கள். அது ஏற்கெனவே தெரிகிறது.

எனவே பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு அறை, அதில் மின்விசிறி, நல்ல வெளிச்சம், இரண்டு பெஞ்ச். அந்த இரண்டு பெண்களுக்கும் மாதாந்தரத் தொகை, அது ஊக்கத்தொகை என்ற பெயரில் கண்துடைப்பாக இல்லாமல், செலவழிக்கும் நேரத்துக்கு நியாயமான கூலியாக. கூலி வாங்கும் இடம், வங்கி, ரேஷன் கடை எங்கெல்லாம் பதிவேடு இருக்கிறதோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட விரும்புகிறவரை அவசரப்படுத்தக் கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை. கடைசியாகச் சொன்னது பேரூராட்சியின் அதிகாரத்தில் முழுதாக வருமா என்று அந்தப் பெண்களில் ஒருவர் கேட்டார். வராவிட்டால் யாருடைய அதிகாரத்தில் வரும் என்று எழுத்தில் பதில் வரட்டும், அடுத்த மனுவை அங்கே போடலாம் என்றார் டீச்சர்.

முதல் வரைவில், அந்த அறைக்கு டீச்சரின் பெயரை வைக்க வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு அதை அடித்தார். அந்த இடத்தில் தன் கையாலேயே வேறு ஒரு வரி சேர்த்தார்: அறைச் சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், ஒருவர் வெளியூர் போனாலும் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். மனுவின் கீழே நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் எழுதி முடிக்க மூன்று சனிக்கிழமை ஆனது. போன திங்கட்கிழமை அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.